வாசலில் விழுந்த பொதிகள்

காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு நிலைமை கெடத் தொடங்கியது. நேரம் இவ்வளவு திட்டமாகத் தெரிவதற்குக் காரணம், அதை அளப்பதற்கென்றே ஒரு செயலியை நான் ஓடவிட்டிருந்ததுதான். அந்தச் செயலியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் வெட்கப்படப் போகிறேன்.

நான் வேலை செய்த அலுவலகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். வலையமைப்பில் நெரிசல் கண்டுபிடிக்கிற வேலையையும் இனி ஏதோ மென்பொருள் தானாகவே செய்யுமாம். அதற்கு முன் அதைக் கையால் செய்த ஆள் எழுதித் தரவேண்டுமாம். "இருபத்தாறு வருசம் நெற்வேர்க் பாத்திருக்கிறீங்க மிஸ். அந்தக் கன்ரீன் கதைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார்கள். கன்ரீன், அதாவது அலுவலகச் சிற்றுண்டிச்சாலைக் கதை வரும். ஆனால் மகளின் நேர்முகத்தேர்வு நடந்த அந்தப் புதன்கிழமையை விட்டுவிட்டு என் திறமையைப் பற்றி மட்டும் எழுதினால், வீட்டில் இரண்டு பேர் அதை வாசித்துச் சிரிப்பார்கள். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் ஆறு மாதம். வகுப்பில் பெண் நான் ஒருத்தி. கம்பிக்குள் இருக்கும் எட்டு இழைகளையும் நிற வரிசைப்படி செருகப் பழகினோம். செம்மஞ்சள் வெள்ளை, செம்மஞ்சள், பச்சை வெள்ளை, நீலம் என்று போகும். விடுமுறையில் ஊருக்கு வந்து கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்றாம் காரணிக்கத்தில், அருள்நிறை மரியே சொல்லவேண்டிய இடத்தில், என் வாய் 'நீல வெள்ளை, பச்சை' என்று போனதாக அம்மா சொன்னா. அத்தோடு பயிற்சி முடிந்தது.

மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்து வந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் மாசிலாமணி சேர். களுவாஞ்சிக்குடியில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பழுதான கணினிக்கு முன்னால் அவர் கதிரையில் இருந்ததும் இல்லை. "இருந்தமெண்டா அது நம்மள ஒரு ஆளா மதியாது" என்பார். நின்றபடியே சட்டைப் பையில் இருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுப்பார்.

யாராவது வந்து "சேர், லைன் பிழை" என்றால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"கண்டீங்களா?"

"இல்ல சேர், வேகமில்ல."

"வேகமில்லாதத்தக் கண்டிருக்கிறீங்க. லைனக் காணல்ல. சரி, வாறன்."

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல்கள் கோடு போட்டிருக்கும். முதலாவது, அனுப்பியது. இரண்டாவது, வாசலுக்கு வந்தது. மூன்றாவது, உள்ளே எடுத்தது. வலையமைப்பில் நெரிசல் எங்கே என்று கண்டுபிடிக்கிற கலை முழுவதும் அந்த மூன்று நிரல்களில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகவல் கம்பி வழியே சிறு சிறு பொதிகளாக வரும். கம்பி வந்து செருகும் இடத்தில் கணினிக்கு ஓர் அட்டை இருக்கும். அதுதான் வாசல். வருகிற பொதிகளை அந்த அட்டை ஒரு தட்டில் வரிசையாக வைக்கும். கணினி உள்ளிருந்து வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போகவேண்டும். கணினிக்கு வேறு வேலை இருந்து எடுக்க வராவிட்டால் தட்டு நிரம்பும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் கீழே விழும். அனுப்பியவனுக்குத் தெரிவது தான் அனுப்பியது போய்ச் சேரவில்லை என்பது மட்டும்தான். அவன் ரோட்டைத் திட்டுவான். முதலாவது நிரலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் இருந்தால் ரோட்டில் பிழை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் இருந்தால் வீட்டில் பிழை.

சேர் இதை எனக்கு விளங்கப்படுத்தியது பெருநாளுக்கு முந்திய கிழமை, காத்தான்குடியில், ஒரு புடைவைக் கடைக்கு முன்னால் நின்று. "ரோட்டப் பாருங்க பிள்ளை, காலியாக் கிடக்கு. கடைக்குள்ள பாருங்க. சனம் முழுக்க உடுப்போட நிக்குது, பில் எழுத ஒரே ஒரு ஆள். இதுக்குப் போய் ட்ராபிக் பொலிசக் கூப்பிட்டா என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது சேர்."

"பொலிஸ்காரரும் ஒரு சாரன் வாங்கிட்டுப் போவார். நெரிசல் கூடும்."

அவருடைய இன்னொரு முறை, அளக்கிற ஆள் அந்த வாசலில் நிற்கக்கூடாது என்பது. பழுதான கணினியிலேயே இருந்து அளக்க விடமாட்டார். பக்கத்தில் வேறொரு கணினியை வைத்து அங்கிருந்து எண்ணச் சொல்வார். விழுந்த பொதிகளை எண்ணுவதிலும் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. "விழுந்த பிறகு எண்ணுறதுக்கு ஆரும் போதும். வரிசை நீளத் தொடங்கேக்க காணுறதுதான் நம்மட வேலை."

கன்ரீன் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தலைமையகத்தில் ஒரு பெரிய கணினி இருந்தது. கிளை அலுவலகங்கள் எல்லாம் காலையில் பதிந்த கோப்புகளை அதற்கு அனுப்பும். தினமும் பத்து மணிக்கு அது திணறத் தொடங்கும். பத்தரைக்குச் சரியாகிவிடும். எல்லோரும் லைனைத்தான் சொன்னார்கள். கல்லடிப் பாலத்தடியில் போன கம்பியை மாற்றினார்கள். பத்து மணிக்கு மறுபடி திணறியது. வாவிக் காற்றில் உப்பு என்று ஒருவர் சொன்னார். அந்த உப்பு ஏன் பத்தரைக்கு வீட்டுக்குப் போகிறது என்று சேர் கேட்டார்.

மூன்று நாள் காலையில் நின்று எண்ணினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் எண்களைச் சொல்ல அவர் எழுதுவார். முதல் இரண்டு நிரல்களும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருந்தன. மூன்றாவது பத்து மணியில் இருந்து இறங்கியது. ரோடு சுத்தம், பிழை வீட்டுக்குள்ளே. பார்த்தால், தினமும் பத்து மணிக்கு வைரஸ் தேடுகிற செயலி எழும்பி அந்தக் கணினியின் மூலை முடுக்கெல்லாம் துழாவுகிறது. அந்த நேரத்தை வைத்தவர் நிர்வாக உத்தியோகத்தர். பத்து மணிக்குத் தேத்தண்ணி. அந்த நேரம் மனிதருக்கு வேலை இல்லை, ஆனபடியால் கணினிக்கும் இல்லை என்பது அவருடைய நியாயம். கிளைகளில் இருந்தவர்களும் கோப்புகளை அனுப்பிவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எழும்புவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அறிக்கை தமிழில் இருக்கவேண்டும் என்று உத்தரவு. எழுதியது நான். அப்படிப்பட்ட கணினியைக் குறிக்கிற 'ஹோஸ்ற்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடினேன். அலுவலக மேசையில் இருந்த சொற்றொகுதியில் 'விருந்தோம்பி' என்று இருந்தது. அழகான சொல். நம்பிக்கையோடு இப்படி எழுதினேன்: 'காலை பத்து மணியளவில் விருந்தோம்பியிடம் கடும் நெரிசல் காணப்படுகின்றது. வருபவை வாசலில் விழுகின்றன. உள்ளே எடுக்க ஆளில்லை.'

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருவர் அளவு நாடாவோடு வந்து கன்ரீன் எங்கே என்று கேட்டார். காட்டினோம். வாசற்படியின் உயரத்தை அளந்தார். காலை பத்து மணிக்கு எத்தனை பேர் வருவார்கள், இதுவரை விழுந்தவர்களில் யாருக்காவது எலும்பு முறிந்ததா என்று கன்ரீன்காரரிடம் விசாரித்தார். கன்ரீன்காரர் பயந்துபோய், "ஒருத்தரும் விழல்ல ஐயா, ஒரு நாள் மட்டும் வடைத் தட்டு விழுந்தது" என்று வாக்குமூலம் கொடுத்தார். அதுவும் எழுதப்பட்டது. அடுத்த மாதம் கன்ரீன் வாசலுக்கு இரும்புக் கைப்பிடி வந்தது. பரிமாற மேலதிகமாக ஓர் ஆளும் வந்தார்.

சேர் அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "நல்ல உறுதி" என்றார். "உங்கட அறிக்கையால ஒரு பிரயோசனம் நடந்திருக்கு."

பிறகு இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு நிர்வாக உத்தியோகத்தரிடம் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு கோப்பையை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, நீங்க இதக் குடிக்கேக்க ஆரும் வந்து உங்கட பொக்கற்று, மடி, மடிப்பெல்லாம் தடவிப் பாத்தா, தேத்தண்ணி உள்ள போகுமா?"

"எப்பிடிப் போகும்? சேட்டில ஊத்துப்படும்."

"அதத்தான் நாம தினமும் பத்து மணிக்கு அந்தக் கொம்பியூட்டருக்குச் செய்யிறம்."

தேடுதல் மத்தியானத்துக்கு மாறியது. திணறல் நின்றது. அன்றிலிருந்து வாங்குகிற பக்கத்து நெரிசல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற்றேன்.

இனிப் புதன்கிழமை.

என் மகள் ஜெனிற்றா களப்பு நீரைப் பற்றிப் படித்தவள். எந்த மாதம் எங்கே எவ்வளவு உப்பு, அது மீனுக்கு என்ன செய்யும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு ஓரிடம். போன வருடமும் அதற்கு விண்ணப்பித்தாள். அந்தத் தடவை கணினி வழியாக நேர்முகத்தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே மழையில் லைன் அறுந்துவிட்டது. உண்மையான லைன் பிழை. அவர்கள் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. "லைனுக்கு நீங்க என்ன செய்ய அம்மா" என்று அவள் சொன்னாள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் லைன் பார்த்தவளின் வீட்டில் நடந்த காரியம். இந்த வருடம் விட்டால் அவளுக்கு வயதெல்லை முடிந்துவிடும்.

ஆகவே இந்தத் தடவை காவலுக்கு ஆள் வைத்தேன். அவள் மடிக்கணினிக்குள், அவளுக்குச் சொல்லாமல், ஒரு செயலியைப் போட்டேன். வருகிற ஒவ்வொரு பொதியையும் அது பிடித்து, பிரதி எடுத்து, எழுதி வைத்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை என் கைத்தொலைபேசிக்குப் படம் கீறி அனுப்பும். பச்சை என்றால் சுகம். சிவப்பு என்றால் பொதிகள் வரவில்லை. முதல் நாள் பின்னேரம் என் தங்கச்சியைக் காணொளி அழைப்பில் எடுக்கச் சொல்லிச் சோதித்தேன். பச்சைப் பசேல் என்று இருந்தது.

அந்தச் சோதனையில் வந்தது தங்கச்சியின் ஒரு முகம். தேர்வில் வந்தது நான்கு பேராசிரியர்கள், நான்கு காணொளி, அதோடு அவர்கள் காட்டிய வரைபடங்கள். மடிக்கணினியும் பழையது.

ஒன்பதேகாலுக்குத் தேர்வு தொடங்கியது. நான் குசினியில் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டு தொலைபேசியைப் பாணிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது பதினேழுக்குச் சிவப்பு.

அறைக்குள் ஜெனி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, கேள்வியைத் திரும்பச் சொல்லும்படி கேட்கிறாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி. மூன்றாம் தடவை அவள் குரல் மெலிந்திருந்தது.

என் வாயில் முதலில் வந்த சொல்லை எழுதத்தான் வேண்டும். "லைன் பிழை."

இணைப்புத் தந்த நிறுவனத்துக்கு எடுத்து முறைப்பாடு பதிந்தேன். உடனே ஆள் வரவில்லை என்று மூன்று நிமிடத்தில் இரண்டாவது. 'மிக அவசரம், உயிர்ப் பிரச்சினை' என்று மூன்றாவது. பிறகு மதிலுக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டு றீற்றா அக்காவிடம் தண்ணி மோட்டரைப் போடவேண்டாம் என்றேன்.

"மறுகா எப்ப கா போடுறது? உடுப்புத் தோய்க்கச் சவுக்காரத்தோட நிக்கிறன்."

"பத்து மணி மட்டும் பொறுங்க அக்கா. பிள்ளைட எதிர்காலம்."

"எங்கட மோட்டர் கிணத்துத் தண்ணியத்தானே இழுக்குது. உங்கட இன்ரநெற்ற இல்லியே?" என்று கேட்டுவிட்டு, பாவம், சவுக்காரத்தோடேயே நின்றா.

என் கணவர் அருள் உன்னிச்சை வட்டைக்கு, வயல் பார்க்க, புறப்பட்டு மோட்டார் சைக்கிளில் காலைப் போட்டிருந்தார். அவரை இறக்கி, ஒரு கொக்கத்தடியைக் கொடுத்து, வீட்டுக்கு வருகிற கம்பியில் தென்னோலை படாமல் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். நான் செயலிக்கு ஒரு கட்டளை அனுப்பினேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை போதாது, ஒவ்வொரு விநாடியும் அளந்து அனுப்பு. சிவப்பு இன்னும் கடுஞ்சிவப்பானது.

ஓலையைப் பிடித்தபடி அருள் கேட்டார்: "இவள் பேசுறது அங்கால ஆக்களுக்குக் கேக்குதாமா?"

"கேக்குதுபோல, கேக்கக் கேக்கத் திரும்பச் சொல்றாங்க. அவங்க பேசுறதுதான் இவளுக்கு வெட்டி வெட்டி வருது."

"அப்ப போற பாதை திறந்துதானே கிடக்கு. வாற பாதைதான் பிழையெண்டு எப்பிடிக் கண்ட நீ?"

"நீங்க ஓலையப் பிடிங்க."

ஆனால் 'கண்ட நீ' என்ற சொல் உள்ளே போய்விட்டது. என் தொலைபேசியும் அதே லைனில்தானே இருக்கிறது? அதில் ஒரு காணொளியைப் போட்டுப் பார்த்தேன். யாரோ ஓர் அம்மா நண்டுக் கறி வைக்கிறா. ஒரு சொல் வெட்டவில்லை. கொதிக்கிற சத்தம்கூடத் தெளிவாக வந்தது. ரோடு காலி. பிழை வீட்டுக்குள்ளே. மகளின் கணினியின் வாசலில் நின்று அத்தனை பொதியையும் மறித்துப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பது நான் வைத்த காவல்காரன். தான் பிடிக்க முடியாமல் கைவிட்டதையெல்லாம் 'வரவில்லை' என்று எனக்கே சிவப்பில் எழுதி அனுப்பியவனும் அவன்தான். நான் இன்னும் விரைவாக எழுது என்று அவனை விரட்டியிருக்கிறேன். அளக்கிற ஆள் வாசலில் நிற்கக்கூடாது என்று இருபது வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவள்.

தொலைபேசியில் இருந்து 'நிறுத்து' என்று கட்டளை அனுப்பினேன். நிற்கவில்லை. மறுபடி அனுப்பினேன். பிறகுதான் விளங்கியது, என் கட்டளையும் அதே வாசலுக்குத்தான் போகிறது. அதுவும் விழுகிறது.

நேரே போகவேண்டும். கமெராவோ அறைக் கதவைப் பார்த்தபடி இருந்தது. வீட்டுச் சட்டையோடு, முழங்கை வரை மாவோடு, கதவை ஒரு சாண் திறந்து முழங்காலில் விழுந்து தவழ்ந்தேன். ஐம்பத்தாறு வயதில் பத்தடி தவழ்வது நீண்ட பயணம். மேசைக்கு அடியில் போய் ஜெனியின் காலைத் தட்டினேன். துள்ளி விழுந்தாள். குனிந்து பார்க்கவும் முடியாமல், பேராசிரியர்களைப் பார்த்துச் சிரித்தபடியே, வாயை அசைக்காமல் கேட்டாள்: "என்ன அம்மா?"

"கொம்பியூட்டருக்குள்ள கறுப்புப் பெட்டி ஒண்டு ஒளிச்சு ஓடுது. அத நிப்பாட்டணும்."

"என்ன பெட்டி? ஆர் போட்ட?"

அதற்குப் பதில் சொல்லாமல் கையை மட்டும் மேலே நீட்டித் தடவி, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, திரையில் வரும் பட்டியலில், கண்ணால் பார்க்காமலே, கீழிருந்து இரண்டாவதைத் தெரிந்து நிறுத்தினேன். எந்த விசை எங்கே என்பது அந்த வேலை எனக்குத் தந்த மிச்சம். ஒன்பது நாற்பத்தொன்று. கணினி பெருமூச்சு விட்டது போல அதன் விசிறி அடங்கியது. நான்கு குரலும் நடு வீட்டில் இருந்து பேசுவது போலத் தெளிவாக வந்தன.

முதலில் வந்தது ஒரு வயதான பெண் குரல். மேசைக்குக் கீழிருந்து இப்போது ஒரு கை வந்து போனதே, அது யாருடையது, ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டா.

ஜெனி ஆங்கிலத்தில் சொன்னாள்: "என் அம்மாவுடையது. அவ நெற்வேர்க் உத்தியோகத்தராக இருந்தவ. வெள்ளை, அரிசி மா."

நான்கு பேரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். போன அரை மணி நேரமாக அவள் குரலில் இருந்த இறுக்கம் அதோடு போனது. ஆனால் நான் போக முடியவில்லை. வெளியேறுகிற கதவு கமெராவுக்கு நேரே இருந்தது, நான் அங்கே இருப்பதும் இப்போது நான்கு பேருக்கும் தெரியும். மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு முப்பத்தைந்து நிமிடம் இருந்தேன். களப்பு கடலோடு சேர முகத்துவாரத்து மணலை வெட்டினால் எத்தனை நாளில் உப்பு எதுவரை ஏறும், அப்போது இறால் குஞ்சு எங்கே போகும், வட்டைக்காரரும் மீன்காரரும் ஏன் ஒரே நாளில் வெட்டக் கேட்பதில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள். ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சொன்னாள். இவ்வளவும் இவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. முற்றத்தில் அருள் ஓலையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாராம். விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

முடிந்ததும் ஜெனி மேசைக்குக் கீழே குனிந்தாள். ஏசுவாள் என்று இருந்தேன். "எழும்புங்க அம்மா" என்று கையைத் தந்தாள். அன்று பின்னேரம் அந்தக் கணினிக்கு நான் அறியாத ஒரு கடவுச்சொல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. போன வருடம் மழை கெடுத்தது. இந்த வருடம் கிடைக்காவிட்டால் கெடுத்தது யார் என்பதில் சந்தேகமே இராது. மின்னஞ்சல் வந்ததா என்று கேட்கவும் வாய் வரவில்லை. பத்தாம் நாள் காலையில் அவள் குசினிக்கு வந்து கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். வாசித்தேன். இடம் கிடைத்துவிட்டது. புரட்டாதியில் வகுப்பு. நான்கு வருடம். நான்கு வருடம் என்ற இடத்தை இன்னொரு முறை வாசித்தேன்.

அன்றைக்குத்தான், பத்தரை மணிக்கு, முறைப்பாட்டுக்கு ஆள் வந்தது. மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு காத்தான்குடி நசீர். முன்பு எங்களோடு கம்பி வேலை பார்த்தவர், என்னைவிட இரண்டு வயது குறைவு. "மூணு முறைப்பாடு கிடக்கு மிஸ், கடைசில உயிர்ப் பிரச்சினை எண்டு எழுதியிருக்கு. அதான் விட்டுட்டு வந்த" என்றார். கம்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கருவியைச் செருகி எண்களைப் பார்த்தார். லைன் பளிங்கு மாதிரி இருந்தது. அருள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, நடந்ததையும் மகள் போகப்போவதையும் மேசைக்கு அடியில் இருந்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னார். நசீர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புள்ள போனாப் பொறகு போன் கோல் எல்லாம் அங்க இரிந்து இஞ்சதானே மிஸ் வரும்" என்றார். "உங்கட கொம்பியூட்டர எடுங்க. அது ஒழுங்கா வாங்குதா எண்டு இப்பவே பாத்து வெச்சிருவம்."